பெட்ரொனெல்லின் புதன்கிழமைகள்

சாண்ட்ஹைத் துறைமுகத்தில் பெட்ரொனெல் பார்க்காத கூத்து கிடையாது. அரியணையில் ஆள் மாறினால் மதம் மாறும். மாதா கோயிலில் சிலையை இறக்குவார்கள், ஏற்றுவார்கள், மறுபடியும் இறக்குவார்கள். அவள் பாட்டுக்குக் கடற்கரைச் சந்தையில் அதே இடத்தில் மீன் கூடையை வைத்துக்கொண்டு, தன் அம்மா கூவியதையே கூவினாள்.

"ஹெர்ரிங் வாங்கலையோ, ஹெர்ரிங்! வயித்துக்கும் நல்லது, ஆத்துமாவுக்கும் நல்லது!"

அதில்தான் வந்தது வினை.

வெள்ளிக்கிழமை போதாதென்று ராணி புதன்கிழமையையும் மீன் நாளாக்கிவிட்டாள். அன்றைக்கு யாரும் இறைச்சி தொடக் கூடாது. ஆனால் இது பழைய மதத்து விரதம் இல்லையாம். சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். மீன் விற்றால் படகு ஓடும், படகு ஓடினால் கடல் தெரிந்த பையன்கள் வளர்வார்கள், அவர்கள் ராணியின் போர்க்கப்பலுக்கு ஆவார்கள். அவ்வளவுதான் கணக்கு. மீன் தின்றால் ஆத்துமா கரையேறும் என்று எவராவது பேசினால் தண்டனை.

எதிரே கறிக்கடை வைத்திருந்த ஜெல்லிஸுக்குப் புதன்கிழமை வியாபாரம் படுத்ததில் வயிறு எரிந்தது. ராணியைத் திட்ட முடியுமா? பெட்ரொனெல் கூவியதை மேயரிடம் போட்டுக்கொடுத்தான், புண்ணியவான்.

மேயர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அவளிடமே மீன் வாங்கித் தின்றவர்தான்.

"பெட்ரொனெல்லம்மா, பெரிசா ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை சந்தையில நின்னு, மீன் நாள் ராணியோட கப்பலுக்கு, ஆத்துமாவுக்கு இல்லன்னு ஒருவாட்டி சத்தமா சொல்லிடுங்க. விட்டுர்றேன்."

"சொல்லலன்னா?"

"கடை போயிடும்மா. உங்களையும் உள்ள தள்ளணும். என் கையில இல்ல."

ஒரு வரிதானே, சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அவளுக்கல்லவா தெரியும்! மகன் பியர்ஸை அந்த ராணியின் கப்பலுக்குத்தான் கரையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே காய்ச்சலில் செத்தான், கடலிலேயே போட்டுவிட்டார்கள். முந்தைய காலமாக இருந்தால் அவன் பேருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள், பூசை வைத்திருப்பாள். இப்போது செத்தவர்களுக்காக வேண்டுவதே தப்பு. அவளுக்கு மிச்சமிருந்தது புதன்கிழமை மட்டும். இறைச்சி தொடாமல் மீனும் ரொட்டியும் தின்று, இது என் பிள்ளைக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அதையும் அவனை விழுங்கிய கப்பலுக்கே எழுதிக் கொடு என்றால்? அடப்பாவிகளா!

வீட்டில் பியர்ஸின் மனைவி சிட்வெல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத்தை, சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கடை போச்சுன்னா நாம எங்க போறது?"

சனிக்கிழமை பெட்ரொனெல் சந்தை நடுவில் நின்று சொன்னாள்.

"காதுல விழல!" என்றான் ஜெல்லிஸ். "மீனுக்குக் கூவறப்ப மட்டும் ஊரே அதிருது?"

மறுபடி சொன்னாள். இந்தத் தடவை படகுத்துறை வரைக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். பியர்ஸோடு வலை இழுத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை சிட்வெல் சுட்ட ஹெர்ரிங்கையும் ரொட்டியையும் எடுத்து வைத்தாள். பெட்ரொனெல் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. மீனு கப்பலுக்குன்னு ஊரறியச் சொல்லிட்டேன்ல? அது கப்பலுக்கே போவட்டும். ஒண்ணுமே தின்னாம கெடக்கறது யாருக்குன்னு இன்னும் எந்தச் சட்டமும் வரலடி. இது என் புள்ளைக்கு."

சிட்வெல் தன் தட்டையும் எடுத்து மூடி வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.