கோவா மேல திருநீறு

எங்க வீட்டுக்காரருக்கு சாமி பக்தி கொஞ்சம் கூடுதல். கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துல நாங்க இருக்குற லய வீட்டுக்குப் பின்னால உள்ள துண்டு நெலத்துல கோவா, அதான் முட்டைக்கோசு, அறுத்தோம்னா, மாரியம்மன் கோயில் திருநீற மேல தூவாம ஒரு காயும் வெளிய போகாது. லொறிக்காரனுக்குக் குடுத்த காலத்துல அத யாரும் கண்டுக்கல. மூட்டையில திணிச்சு ஏத்துவான், அவன் சொன்னதுதான் வெல.

போன வருஷம் சூப்பர்மார்க்கெட் கம்பெனி ஒண்ணு எங்களையும் சேத்துக்கிச்சு. வெலைய முன்னாலயே சொல்லிடுவாங்க. ஆனா கட்டுப்பாடு இருக்கே, அப்பப்பா! ஒரே அளவா இருக்கணும், மூட்டை கூடாது, பிளாஸ்டிக் கூடையிலதான் அடுக்கணும். பூச்சி மருந்து படிஞ்சிருக்குன்னு ஒரு தடவ திருப்பிட்டா, அந்த ஆளோட மரக்கறிய அப்புறம் தொடவே மாட்டாங்க.

மொத நாள் வீட்டுக்காரர் தோட்டத்து வேலைக்குப் பேர் குடுக்கக் காலையிலயே பெரட்டுக்குப் போயிட்டாரு. நான்தான் கூடைகளோட கம்பெனி சேகரிப்பு நிலையத்துக்குப் போனேன். காய் பாக்குற ஐயா சிங்களவர். ஒரு கோவாவத் தூக்குனாரு. எல மடிப்புல வெள்ளையாத் தூள்.

"மே மொகத்த?" இது என்னன்னு கேட்டுட்டு, கூடைய ஓரமாத் தள்ளி வச்சாரு.

மருந்துன்னு நெனச்சுட்டாருன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. அட பாவி மனுஷா, இங்கயும் ஒன் வேலையக் காட்டிட்டியான்னு வீட்டுக்காரர மனசுக்குள்ள திட்டுனேன்.

"பெஹெத் நெவெய் மாத்தியா, தெய்யங்கே!" மருந்தில்ல, சாமியோடதுன்னு தெரிஞ்ச சிங்களத்துல கத்துனேன். அவரு நம்பல. அடுத்த ஆளோட கூடைக்குப் போயிட்டாரு.

எனக்கு வேற வழி தெரியல. அந்தத் தூள விரலால வழிச்சு நெத்தியில பூசி, மிச்சத்த வாயில போட்டு முழுங்கிட்டேன். கோயில்ல பூசாரி குடுத்தா அப்படித்தானே செய்வோம்! "எபா நங்கி, எபா!" வேணாம் தங்கச்சி, வேணாம்னு அந்த மனுஷன் பதறி ஓடி வந்தாரு. நான் கல்லாட்டம் நின்னேன். என் நெத்தியப் பாத்தாரு, கோவாவப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, போன உசுரு திரும்பி வந்துச்சு!

மேல் எலைய உரிச்சுப் போடச் சொன்னாரு. உரிக்க உரிக்க எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. எல்லாக் கூடையும் தராசுல ஏறுச்சு.

"பாத்தியா, அம்மா கைவிடல"ன்னாரு வீட்டுக்காரர் சாயங்காலம்.

"அம்மா விடல, நீங்கதான் விடப் பாத்தீங்க"ன்னேன்.

அடுத்த அறுப்புல அவரு கூடைகளத் தொடவே இல்ல. என்னையக் கூப்பிட்டு என் நெத்தி நெறையப் பூசி விட்டாரு. நிலையத்துல அந்த ஐயா மொதல்ல என் நெத்தியப் பாத்தாரு, அப்புறம்தான் கோவாவ.