புதுக்கிடுகு

எங்கள் பட்டினசபைக்கு ஓடு என்றால் மரியாதை, கிடுகு என்றால் அருவருப்பு. கடைத்தெருவிலும் அதைச் சுற்றிய ஒழுங்கைகளிலும் கல்லுச் சுவரும் ஓட்டுக் கூரையும் இல்லாமல் வீடு கட்டக்கூடாது, ஒரு பரப்புக்குக் குறைந்த நிலத்தில் கட்டவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். மண்சுவர் வைத்துத் தென்னோலைக் கிடுகு வேய்கிறவன் பட்டின எல்லைக் கல்லுக்கு அப்பால் போய்க் காட்டுக்கரையில் வேய்ந்துகொள்ள வேண்டியதுதான். வன்னியில் காட்டுக்கு என்ன பஞ்சம்.

நான் அந்தச் சபையின் மருத்துவிச்சி. ஊர் என்னை மிசி என்று கூப்பிட்டது. ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், கல்யாணம் கட்டாதவள், வாய் நீளமானவள். பிள்ளை பெறுகிற வீட்டில் அழுக்குத் துணி கண்டால் புருஷன்காரனைப் பிடித்து நான் ஏசுகிற ஏச்சு அடுத்த தெருவுக்குக் கேட்கும். சபை எனக்கு இருக்க ஒரு வீடு தந்திருந்தது. முன்னால் இரண்டு அறையும் ஓடு, பின்னால் சமைக்கிற குசினிப் பத்தி மட்டும் கிடுகு. சபையின் சட்டம் சபையின் சொந்த வீட்டுக்குப் பொருந்தாது போலும். அந்தக் கிடுகு மக்கிப்போய், மாரி வந்தால் அடுப்புக்கு மேலேயே ஒழுகும். வருடா வருடம் சேர்மனிடம் சொல்வேன். அவரும் வருடா வருடம் "பாப்பம் மிசி" என்பார்.

சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. அதில் சட்டத்துக்கு மாறாகக் கொஞ்சக் கிடுகு வீடுகள். சந்தையில் சாக்குத் தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், கடைகளுக்குத் தண்ணீர் அள்ளுகிறவர்கள் இருந்தார்கள். நடுவில் ஒரு வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிற ஒருத்தி. புருஷன் ஓமந்தைப் பக்கத்து ஆள், மூட்டை தூக்குகிறவன். இவள் இரணைமடுப் பக்கம். விடியுமுன் அவித்து, கடைகள் திறக்கும்போது சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தச் சூட்டுக்குத்தான் யாவாரம். அவள் பெட்டியிலிருந்துதான் நானும் சாப்பிட்டேன், சேர்மனும் சாப்பிட்டார்.

அவளுடைய மூத்தவனை அந்த வீட்டில்தான் நான் பிறப்பித்தேன். கால் முன்னால் வந்த பிள்ளை. விடிந்து வெயில் ஏறும்வரை அந்த மண்தரையில் முழங்காலில் நின்றேன். வேலை முடிந்து பதிவுப் புத்தகத்தைத் திறந்தால், பிறந்த இடத்தின் வீட்டு இலக்கம் என்று ஒரு கட்டம். அந்த வீடுகளைச் சபை வீடாகவே கணக்கெடுக்கவில்லை, இலக்கம் எங்கேயிருந்து வரும்? முன்னால் கடைத்தெருவில் இருந்த ஒரு சாப்பாட்டுக்கடையின் இலக்கத்தை எழுதினேன். ஒழுங்கையில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையேதான் எழுதிக்கொண்டு வந்தேன். புத்தகத்தை நம்பினால் அந்தக் கடையில் மேசைக்கு மேசை பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருடம் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த கையோடு, சந்தை வட்டார மெம்பர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவர் முல்லைத்தீவிலிருந்து வந்து புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் யாவாரி. அதிகம் கதைக்காதவர். அந்த ஒழுங்கையை ஓட்டுச் சட்டத்திலிருந்து விலக்க வேண்டும், அரைப் பரப்புக் காணியிலும் மண்வீடு கட்ட விட வேண்டும், பட்டினத்தில் உழைக்கிறவனுக்குப் பட்டினத்தில் படுக்க இடம் வேண்டும் என்றார். மாத அறிக்கை கொடுக்கப் போன நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கிடுகு பத்தினால் கடைத்தெரு முழுக்கச் சாம்பல்," என்றார் சேர்மன். அவருக்கு நெல் ஆலை இருந்தது. "உவைக்கு இடமில்லையெண்டு ஆர் சொன்னது? எல்லைக் கல்லைத் தாண்டினால் காடு கிடக்குத்தானே."

"காலமை விடிய உங்கள் எல்லாருக்கும் இடியப்பம் வேணும் ஐயா," என்றார் மெம்பர். "அவிக்கிறவள் மட்டும் காட்டுக்கை இருக்க வேணுமோ?"

"இடியப்பத்துக்குக் கால் இல்லை. அவளுக்கு இருக்கு. நடந்து வரட்டும்."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஒளித்து என்ன பயன்.

ஊத்தை ஒழுங்கை என்று ஒருவர் சொன்னார். வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ என்றார் மெம்பர். அடுத்த மாதம் சேர்மனும் சபையின் கட்டட வேலை பார்க்கிற ஓவசியரும் நேரில் வந்து பார்ப்பது, அதற்குப் பிறகு முடிவெடுப்பது என்று கூட்டம் கலைந்தது. எனக்கு அந்த ஊத்தை என்ற சொல் சுட்டது. இத்தனை வருடமாக அந்த ஒழுங்கையில் கத்திக் கத்திக் கை கழுவப் பழக்கினவள் நான். அது என் முகத்தில் துப்பினது மாதிரி இருந்தது. நேரே அவளிடம் போனேன்.

"எடி, சேர்மன் வாறார் வீடு பாக்க. அவர் பாக்கிறதிலைதான் இந்த ஒழுங்கை நிக்கிறதும் போறதும். வந்தவர் மூக்கைப் பொத்தக்கூடாது. விளங்கிச்சோ?"

"வீட்டைப் பிடுங்கிப்போட்டால் நான் இடியப்பத்தை எங்கையிருந்து கொண்டு வாறது மிசி? நடந்து வர ஆறிப்போமே," என்றாள். "ஆவணியிலை வேய்வம் எண்டு இருந்தனாங்கள். இப்பவே வேய்ஞ்சு விடட்டோ?"

"இப்பவே வேய். கூரை தாங்கிற கப்பெல்லாம் கறையான் தின்னுது, அதையும் மாத்து. சுவருக்கும் புதுமண் பூசு."

எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். வீட்டுக்குப் பெரிய மனிதர் வருகிறார் என்றால் மெழுகாமலும் வேயாமலும் விடுவோமா? மெம்பர் தனக்குத் தெரிந்தவரின் தோட்டத்திலிருந்து ஒரு வண்டி தென்னோலை எடுப்பித்துக் கொடுத்தார். அவள் அதைக் குளத்தில் ஊறப்போட்டு, இடியப்பம் விற்று வந்த மிச்சப் பொழுதெல்லாம் இருந்து பின்னினாள். அவள் பின்னல் நெருக்கமானது. ஓரத்தை உள்ளே மடித்து இரட்டை முடிச்சுப் போடுவாள், அந்த ஒழுங்கையில் வேறு ஒருத்தரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேய்ச்சல் நடந்தது. வேய வந்தவர்களுக்குக் கூழ் காய்ச்சினாள். எனக்கும் ஒரு சிரட்டை தந்தாள். நான் வாசலில் நின்று, முகடு கோணலாக இருக்கிறது என்று புருஷனை ஏசிக்கொண்டே குடித்தேன்.

மற்ற வீட்டுக்காரர் அசையவில்லை. அவர்களுக்கும் சொன்னேன். "ஓம் மிசி, செய்வம் மிசி" என்று தலையை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டார்கள். கூரையில் புல் முளைத்தபடி, சுவர் வெடித்தபடி கிடந்தன. சோம்பேறி நாய்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

அதற்கு அடுத்த கிழமை சபை அவசரமாகக் கூடியது. சேர்மன் ஒரு சமரசம் கொண்டுவந்தார். பழைய வீடுகள் இருக்கட்டும், பாவங்கள். ஆனால் தீர்மானம் வருகிறது என்று கேள்விப்பட்டு அவசரம் அவசரமாகப் புதிதாகக் கட்டினவர்களை விடக்கூடாது. பழையது எது, புதியது எது என்று நேரில் பார்த்து ஓவசியர் அடையாளம் போடுவார். மெம்பருக்கு அரைவாசியாவது கிடைத்த சந்தோஷம், ஓம் என்றுவிட்டார். நான் பின்வாங்கில் இருந்தேன். இடியப்பக்காரியின் புதுக்கூரை என் கண்ணுக்குள் வந்தது. வந்தவுடனே அதைத் தள்ளிவிட்டேன். அவள் எத்தனை வருடம் அங்கே இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும், விசர்க்கதை என்று எனக்கு நானே சொன்னேன். அவளிடம் போய் ஒரு சொல் சொல்லவில்லை.

பார்க்க வந்த அன்று ஓவசியர் ஒரு கையில் தார் வாளியும் மறு கையில் தும்புக் கட்டும் கொண்டுவந்தார். பழையதென்றால் கதவு நிலையில் வட்டம், புதியதென்றால் புள்ளடி, குறுக்குக் கோடு இரண்டு. ஆட்களை அடையாளம் காட்ட என்னையும் கூட்டிப் போனார்கள். புல் முளைத்த கூரைக்கு வட்டம். வெடித்த சுவருக்கு வட்டம். கோழி ஏறிப் பீச்சி வைத்திருந்த வீட்டுக்கும் வட்டம். அவள் வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. ஒரு கதிரை இரவல் வாங்கி, வெள்ளைத் துணி விரித்து, சேர்மனுக்காக வைத்திருந்தாள்.

ஓவசியர் கூரையைப் பார்த்தார், கப்பைத் தட்டிப் பார்த்தார், சுவரை நகத்தால் சுரண்டினார். "இது புதுசு ஐயா. மண் இன்னும் காயேல்லை."

"வேய்ஞ்சதுதான் ஐயா புதுசு, வீடு பழசு," என்றாள் அவள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பழைய கிடுகு எங்கை?"

"அடுப்பிலை வைச்சு எரிச்சுப்போட்டன் ஐயா."

"பழைய கப்பு?"

"அதையும்தான்."

மெம்பர் முன்னால் வந்தார். "அது பழைய வீடு ஐயா. எனக்குத் தெரியும்."

"ஓலை குடுத்தவரே நீர்தானே. உம்மடை கதை எடுபடாது," என்றார் சேர்மன். "ஒழுங்கை ஆக்களின்ரை சாட்சியும் எனக்கு வேண்டாம். சபை உத்தியோகத்தர் ஆரும் சொன்னால் கேக்கிறன்."

அவள் முகம் மலர்ந்தது. "மிசியைக் கேளுங்கோ. அவாதானே என்ரை பெடியனை இந்த வீட்டிலை பிறப்பிச்சவா." பெடியனை இழுத்து முன்னால் விட்டாள். நாலு வயது. புதுச் சட்டை போட்டிருந்தான்.

"அப்படியோ மிசி?" சேர்மன் என் பக்கம் திரும்பினார். "பதிவுப் புத்தகத்திலை இருக்குமே. இந்த வீடெண்டோ எழுதியிருக்கிறியள்?"

புத்தகம் கந்தோர் அலுமாரியில் இருந்தது. நான் ஓம் என்று சொன்னால் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்தால் சாப்பாட்டுக்கடை இலக்கம் இருக்கும். பிறகு மற்றப் பிள்ளைகளின் இலக்கத்தையும் பார்ப்பார்கள். பொய்ப் பதிவு எழுதினவளுக்கு வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். அந்த இரண்டு அறை ஓட்டுக்கு வெளியே எனக்கு இந்த உலகத்தில் ஒரு முழ இடம் கிடையாது. இதெல்லாம் மூச்சு விடுகிற நேரத்துக்குள் ஓடி முடிந்தது. ஊரையே ஏசுகிற வாய், அன்றைக்குப் பூனைக்குட்டி மாதிரிக் கத்தியது.

"புத்தகத்திலை கடைத்தெரு இலக்கம்தான் இருக்கு ஐயா."

"அப்ப பெடியன் இஞ்சை பிறக்கேல்லை?"

"புத்தகத்திலை இருக்கிறதுதான் சரி."

அவள் அழுதிருந்தால், மண் அள்ளித் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பெடியனின் தலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓவசியர் கதவு நிலையில் புள்ளடி போட்டார். தார் வழிந்து கோலத்தில் விழுந்தது. மெம்பர் என்னைப் பார்க்காமல் நடந்துபோனார். அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கமே நான் போனதில்லை.

ஒழுங்கை முழுவதும் நின்றது. அவள் வீடு ஒன்றுதான் போனது. பிரித்த ஆட்கள் சுவரை இடித்துத் தள்ளினார்கள், கிடுகை மட்டும் குலையாமல் கழற்றி அடுக்கினார்கள். நல்ல கிடுகு, வீணாக்கக்கூடாது என்று சேர்மன் சொல்லியிருந்தாராம். நாலு நாள் கழித்து ஒரு மாட்டுவண்டி என் வாசல் படலையில் வந்து நின்றது.

"சேர்மன் ஐயா அனுப்பினவர். குசினிக்கு வேயச் சொன்னவர்," என்றான் வண்டிக்காரன்.

வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத கிடுகு. நான் திருப்பி அனுப்பியிருக்கலாம். மாரி வரப்போகிறது, அடுப்பு நனையும் என்று நினைத்தேன். வேய வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் எல்லைக் கல்லுக்கு அப்பால் காட்டுக்கரையில் ஒரு குடில் போட்டாள். அங்கேயிருந்து நடந்து வந்தாள். கடைகளுக்கு வந்து சேர இடியப்பம் ஆறிவிடும். ஆறினதை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள், முதலில் கைவிட்டது சேர்மன் வீடு. நான் மட்டும் விடாமல் வாங்கினேன். அவளும் விடாமல் என் படலைக்கு வந்தாள். முன்பென்றால் கதை ஓயாது. இப்போது எண்ணி வைப்பாள், போவாள்.

கார்த்திகையில் ஒரு காலை நல்ல மழை. தலையில் பெட்டியோடு தெப்பமாக நனைந்து வந்து படலையில் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எடி, உள்ளை வா, மழை விடப் போகலாம்," என்று குசினிக்குக் கூட்டி வந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சேலையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தவளின் பார்வை மேலே போனது. கையை உயர்த்தி, தாழ்வாரத்தில் ஒரு கிடுகின் ஓரத்தைப் பிடித்தாள். உள்ளே மடித்த ஓரம், இரட்டை முடிச்சு. விரலால் அந்த முடிச்சைத் தடவினாள்.

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். மழை கூரையில் அடித்தது. ஒரு துளி உள்ளே விழவில்லை.

"நெருக்கித்தான் பின்னினனான் மிசி," என்றாள். "ரெண்டு மாரி தாங்கும்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள். பிறகு அவள் வரவில்லை.

அந்தக் கிடுகு மூன்று மாரி தாங்கியது.