ஆறாத பாய்லர்

அப்பீல் போட்டாலே கீழ்க்கோர்ட் தீர்ப்பு தூங்கிவிடும் என்று நம்பியவன் நான். அதனால் கட்டடச் சொந்தக்காரர் ஜெயித்த தீர்ப்போடு, ராஜபாளையத்தில் என் டீக்கடையைக் காலி செய்ய கோர்ட் அமீனா வந்தபோது, "அப்பீல் போட்டாச்சு, டீ சாப்பிடுங்க" என்று உபசரித்தேன்.

"அப்பீல் இருக்கட்டும் அண்ணாச்சி. தடை உத்தரவு எங்க?"

உடனே போனை எடுத்தேன். போனில் என் வக்கீல், "ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்ல இப்பத்தான் தடை மனுவை விசாரணைக்கு எடுத்திருக்காங்க, செத்த நேரம் சமாளிங்க!" என்று கத்தினார்.

அமீனா ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. எதையும் தன் ஆட்கள் தூக்குமுன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பெஞ்சு போனது. பிஸ்கட் பாட்டில்கள் போயின. பாய்லரைத் தொட்டவர் கையை உதறினார்.

"கொதிக்குதே! ஆறின பொறவு தூக்குவோம்."

பதற்றத்தில் நான், கோர்ட்டுக்கு ஒத்துழைக்கும் உத்தமனாக, அடுப்பை அணைக்கத் தண்ணீர் வாளியோடு ஓடினேன்.

"ஏ அண்ணாச்சி! உங்களுக்கென்ன அம்புட்டு அவசரம்?" என்று அதட்டினார். "அது தன்னால ஆறட்டும்."

அது இரக்கமா, ஆட்களின் கை வெந்துவிடுமே என்ற கவலையா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பாய்லர் ஆறுமுன் வக்கீலின் ஜூனியர் தடை உத்தரவோடு பைக்கில் வந்து இறங்கினார். அப்பீல் முடியும்வரை கடை என்னிடம்தான்.