நான் மூடிவிட்ட வளையம்

1. எஃப்.இ.ஆர்.

எங்கள் தொழிலில் எஃப்.இ.ஆர். என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். பேடண்ட் ஆபீஸ் அனுப்பும் முதல் பரிசோதனை அறிக்கை அது. உங்கள் கண்டுபிடிப்பு புதிதில்லை, இன்னார் ஏற்கெனவே செய்துவிட்டார், இந்த வார்த்தை தெளிவாக இல்லை, அந்தப் படம் சரியில்லை என்று வரிசையாகக் குற்றம் சொல்லும். பெங்களூரில் பேடண்ட் ஆபீஸ் கிடையாது. ஃபைல் சென்னைக்குப் போகும், அடியும் அங்கிருந்துதான் வரும். கண்டுபிடிப்பாளர்களுக்காக விண்ணப்பம் எழுதி, அந்த அடிக்குப் பதில் சொல்லும் ஏஜென்ட் வேலையை நான் இருபது வருஷத்துக்கு மேல் செய்தேன். அதில் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும், என் மானம் போனால் போகட்டும்.

ஃபயாஸ் பாய் ஆடுகோடியில் எண்டோஸ்கோப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சின்ன ஆஸ்பத்திரிகளின் கருவிகள் எல்லாம் அவரிடம் வரும். வயிற்றில் சின்னத் துளை போட்டு, பேனா பருமன் குழாயை உள்ளே விட்டு, நுனியில் இருக்கும் கேமரா காட்டுவதை டி.வி.யில் பார்த்தபடி ஆபரேஷன் செய்கிறார்களே, அந்தக் குழாய்தான். ஏ.சி. அறையில் சில்லென்று இருந்த குழாய் உடம்புச் சூட்டுக்குள் போனதும், சோற்றுப் பானையைத் திறக்கும்போது நம் மூக்குக்கண்ணாடிக்கு ஆவது அதற்கும் ஆகும். டி.வி. முழுக்க வெள்ளை. டாக்டர் குழாயை வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி விடவேண்டும். உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபயாஸ் பாய் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய செப்பு வளையம் ஒன்றை வைத்தார். கேமரா சிப்பில் வரும் சூட்டையே அது கண்ணாடிக்குக் கொண்டுவரும். தனியாக ஹீட்டர் வேண்டாம். சந்தாபுராவில் ஒரு கம்பெனி இதைச் செய்ய முன்வந்தது. பேடண்ட் கிடைத்தால்தான் கையெழுத்து என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷ உழைப்பு அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்தேன், எஃப்.இ.ஆர். வந்தது, அதில் வசமாக மாட்டிக்கொண்டேன். பழைய வெளிநாட்டு ஆவணம் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அதிலும் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், விளக்கின் சூட்டைக் கொண்டுவருகிறது. நானோ பேராசையில் என் கிளெய்மில் "சூடு தரும் ஏதேனும் ஒரு பாகம்" என்று அகலமாக எழுதி வைத்திருந்தேன். விளக்கும் அதற்குள் வந்துவிட்டது. கிளெய்ம் என்பது இது என்னுடையது என்று போடும் வேலி. நான் போட்ட வேலி அடுத்தவர் வீட்டையும் வளைத்துக்கொண்டு நின்றது.

கடைசியில் ஒரு குட்டி ஆட்சேபணையும் இருந்தது. இரண்டாம் படத்தில் வளையம் முழுதாக இருக்கிறது. நான்காம் படம் குழாயை நீளவாக்கில் வெட்டிக் காட்டுவது. அதில் வளையம் மேல் பக்கம் மட்டும் தெரிகிறது, கீழே இல்லை. சரி செய்க. எங்களுக்குப் படம் வரைந்து தரும் டிராஃப்ட்ஸ்மேன் கீழே கோடு போட மறந்துவிட்டான் என்று நினைத்து, பென்சிலால் அங்கே வளையத்தை நானே வரைந்து வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை.

2. துளி

பதில் கொடுக்க ஆறு மாதம் தருவார்கள். அதில் பத்து நாள்தான் பாக்கி இருந்தது. அந்தப் பழைய ஆவணத்துக்கும் இவர் கருவிக்கும் ஒரு வித்தியாசமாவது கிடைக்காதா என்று ஒக்கலிபுரத்தில் இருந்த எங்கள் ஆபீசிலிருந்து ஆட்டோ பிடித்து, அந்த டிராஃபிக்கில் வெந்து, ஆடுகோடி போய்ச் சேர்ந்தேன். அதுவரை அவர் கருவியை நான் வேலை செய்யும் நிலையில் பார்த்ததே இல்லை. எங்கள் தொழிலில் அது சகஜம். காகிதத்தைப் பார்ப்போம், பொருளைப் பார்க்கமாட்டோம்.

"அரே மேடம், ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. உக்காருங்க, சாய் சொல்றேன்."

"சாயெல்லாம் அப்புறம் ஃபயாஸ் பாய். முதல்ல அதை ஓட்டிக் காட்டுங்க."

வெந்நீர் ஊற்றிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்டுக்குடல் வைத்திருந்தார். மூடியில் இருந்த ஓட்டை வழியாகக் குழாயை விட்டார். டி.வி.யில் செக்கச்செவேல் என்று மடிப்பு மடிப்பாகக் குடல் தெரிந்தது. அடுத்த நொடி எல்லாம் வெள்ளை. பிறகு அந்த வெள்ளை பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து துளிகளாயின. துளிகள் எல்லாம் யாரோ கூப்பிட்டதுபோலக் கீழ்ப்பக்கமாக ஊர்ந்து, படத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தன. மறுபடி செக்கச்செவேல். யாரும் துடைக்கவில்லை.

நான் அசந்துபோனேன். ஆனாலும் ஏஜென்ட் புத்தி விடுமா?

"தண்ணி கீழ தானே பாய் இறங்கும்? இதுல என்ன இருக்கு?"

அவர் சிரித்தார். குழாயைத் துடைத்து, ஆறவைத்து, இந்தமுறை அரைச் சுற்று திருப்பிப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார். வெள்ளை வந்தது, புள்ளி வந்தது, துளி வந்தது. கேமராவும் சேர்ந்து திரும்பியதால் டி.வி.யில் குடல் தலைகீழாகத் தெரிந்தது, முன்பு கீழே இருந்த கண்ணாடி ஓரம் இப்போது நிஜத்தில் மேலே இருந்தது. துளிகள் அந்த ஓரத்துக்கே, மேல் நோக்கி ஏறிப் போயின! இத்தனை வருஷத்தில் எத்தனையோ கண்டுபிடிப்புகளை எழுதியிருக்கிறேன். தண்ணீர் மேலே ஏறி நான் பார்த்ததில்லை.

"எப்படிங்க பாய்?"

"ரிங்கு அந்தப் பக்கம் வெட்டியிருக்கு இல்ல மேடம். அங்க சூடு கம்மி. சின்னத் துளி சூட்டுலேர்ந்து ஓடும், ஆறின எடத்துக்குப் போகும். ஒரு டாக்டரு ஒரு பழைய ஸ்கோப்ப மட்டும் மாத்தவே விடல. இது மங்காதுப்பான்னு சொல்வாரு. தொறந்து பார்த்தா, உள்ள ஒரு பக்கம் ஒட்டவச்ச ஈயப் பத்து விட்டுப்போயிருக்கு, அங்க சூடு ஏறல. பழுதுதான் அதோட பலமே. அதைப் பார்த்துதான் நான் ரிங்க வெட்டினேன்."

"வெட்டியிருக்கா? படத்துல முழு ரிங்கா தானே இருக்கு?"

"நான் வெட்டித்தான் வரஞ்சு குடுத்தேன். நீங்க மூடிப் போட்டிருந்தீங்க. சட்டத்துக்கு அப்படித்தான் போடணும்போலன்னு நெனச்சுட்டேன்."

அவருடைய ஸ்கெட்சில் கோடு சேராமல் விட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பென்சில் எகிறிவிட்டது, பாவம், படிக்காத மனுஷன் என்று நினைத்துச் சேர்த்து வரையச் சொன்னவள் நான். அவர் மூன்று வருஷம் உழைத்துக் கண்டுபிடித்த அந்த இடைவெளியை நான் அழகுபடுத்துகிறேன் என்று அடைத்துவிட்டேன். நான்காம் படத்தில் டிராஃப்ட்ஸ்மேன் எதையும் மறக்கவில்லை. அது ஃபயாஸ் பாயின் ஸ்கெட்சை அப்படியே எடுத்தது, இடைவெளி வழியாக வெட்டியதால் கீழே வளையம் இல்லை. அதையும் பென்சிலால் மூடித்தான் பையில் வைத்திருந்தேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

3. எந்தப் படம் தப்பு?

எழுதித் தாக்கல் செய்ததில் இல்லாத எதையும் பிறகு சேர்க்கச் சட்டம் விடாது. இடைவெளியைப் பற்றி என் எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. முழு விண்ணப்பத்தில் மிச்சம் இருந்த ஒரே சாட்சி நான்காம் படம். பென்சில் கோட்டை அழித்துவிட்டு, கிளெய்மில் இடைவெளியைச் சேர்த்து, இரண்டாம் படத்தைத் திருத்தி, அதை மூடச் சொன்னது நான்தான் என்றும் எழுதிப் பதில் தயார் செய்தேன்.

எங்கள் சீனியர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சும்னே வீணா ஏன்மா உன் தலையை நீட்டற? டிராஃப்ட்ஸ்மேன் மிஸ்டேக்னு ஒரு வரி போடு, ஆய்த்து, முடிஞ்சுது. நாம தப்பா வரஞ்சோம்னு ஆபீஸ் ரெக்கார்ட்ல ஏறினா, நாளைக்கு எந்த க்ளையன்ட் வருவான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரி என்று அந்த வரியையே போட்டு அனுப்பினேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஹியரிங் என்ற விசாரணை வீடியோவில் நடந்தது. சென்னையில் முடிவு சொல்லும் பேடண்ட் ஆபீஸ் அதிகாரியான கண்ட்ரோலர், இங்கே நான், என் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் ஃபயாஸ் பாய். கண்ட்ரோலர் வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் போனது. பிறகு அவரே தமிழுக்கு மாறினார்.

"மேடம், ரெண்டாவது படத்துல ரிங் மூடியிருக்கு. நாலாவதுல தொறந்திருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. டிராஃப்ட்ஸ்மேன் மிஸ்டேக்னு எழுதியிருக்கீங்க. நாலாவது படத்துலயே அவர் கோடு போட மறந்திருக்கலாமே? தொறந்த ரிங்தான் நெஜம்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. நானே அப்படித்தான் நினைத்தேன். ஃபயாஸ் பாய் மடியில் கையை இறுகக் கோத்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

"சார், டிராஃப்ட்ஸ்மேன் மேல தப்பில்ல. இவர் தொறந்த ரிங்தான் வரஞ்சு குடுத்தார். கோடு விட்டுப்போச்சுன்னு நெனச்சு, நான்தான் மூடச் சொன்னேன். அவசரத்துல முதல்ல போட்ட புரொவிஷனல் அப்ளிகேஷனோட இவரோட கை ஸ்கெட்ச் அப்படியே இருக்கு. உங்க ஃபைல்லயே பாக்கலாம். நான் அபிடவிட்டும் தரேன்."

கண்ட்ரோலர் குனிந்து எதையோ தேடித் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுது மேடம். கோடு விட்டுப்போகல. ரெண்டு முனையையும் சின்னதா மடிச்சு முடிச்சிருக்கார். வேணும்னே விட்டிருக்கார்."

அந்த ஸ்கெட்ச் எத்தனை நாள் என் மேஜையில் கிடந்தது! அந்த மடிப்பை நான் பார்க்கவே இல்லை. ஊர் பேர் தெரியாத ஓர் ஆளின் பென்சில் கோட்டை, மலை போலக் குவிந்த ஃபைல்களுக்கு நடுவே இப்படி உற்றுப் பார்த்த அந்தப் பிள்ளையை எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது.

4. வாசித்தது

மூடச் சொன்னது நான்தான் என்று அபிடவிட் எழுதிக் கொடுத்தேன். சீனியர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேடண்ட் கிடைத்தது. சந்தாபுரா கம்பெனி கையெழுத்துப் போட்டது.

பத்திரத்தை வாங்க ஃபயாஸ் பாய் ஆபீசுக்கு வந்தார். வாங்கிக்கொண்டார், ஆனால் கிளம்பவில்லை.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருவாட்டி சொல்றீங்களா? இங்கிலீஷ் எனக்கு அவ்வளவா வராது."

முதல் கிளெய்மை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். குழாய், நுனியில் கேமரா, முன்னால் கண்ணாடி, கேமராவின் சூட்டைக் கண்ணாடிக்குக் கொண்டுவரும் வளையம், அந்த வளையம் ஒரு பக்கம் திறந்திருக்கும், துளிகள் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா மேடம்," என்றார். "இது என்னுதுதான்."

முதலிலேயே, தாக்கல் செய்வதற்கு முன்னால், இதே ஐந்து நிமிஷம் இதே நாற்காலியில் உட்காரவைத்து வாசித்திருந்தால், திறந்திருக்கும் என்ற வார்த்தை எங்கே என்று அவரே கேட்டிருப்பார். இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேருக்கு வேலி போட்டுக் கொடுத்தேன். ஒருவரிடமாவது, இது உங்களுடையதுதானா என்று நான் கேட்டதே இல்லை.