டத்தோவுக்குச் சேரவேண்டிய பிஸ்கட்

பெரிய மனிதர்களுக்குச் சுல்தான் கொடுக்கிற டத்தோ பட்டத்தை எங்கள் பரம்பரையிலேயே வாங்கியவர் ஒருவர்தான். அவருக்கு நான்கு கால்கள். கிள்ளானில் நாங்கள் இருந்த வரிசை வீட்டின் கேட்டுக்குப் பின்னால், முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவனெல்லாம் தனக்கு வணக்கம் வைக்கிறான் என்கிற நினைப்பில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து அப்பா வைத்த பெயர் அது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "டத்தோ, சாப்பிட வாங்க" என்று அப்பா மரியாதையாகத்தான் அழைப்பார். அந்த வீட்டில் தனக்குக்கூட அப்படியொரு அழைப்பு கிடைத்ததில்லை என்று அம்மா அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நான் யாரும் எதிர்பார்க்காதபோது வந்து பிறந்தவள். அக்கா கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டாள். அப்பா துறைமுகத்தில் வேலை, அம்மா மதியம் படுத்தால் எழ நான்கு மணியாகும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் டத்தோவும்தான். சும்மா இருக்கிற கையா அது? மாடிப்படிக்கு அடியில் கிடந்த சாமான்களைக் கிளறி, நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குத் தொட்டில் கட்டிய ஸ்பிரிங்கைக் கண்டெடுத்தேன். அம்மாவின் கிழிந்த கைலியில் பழந்துணிகளைத் திணித்து, நடுவில் ஒரு கோழி எலும்பையும் வைத்து மூட்டையாகக் கட்டினேன். என் நச்சரிப்புத் தாங்காமல் அப்பாதான் அந்த ஸ்பிரிங்கை வாசல் உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, மூட்டையைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்.

விளையாட்டு இதுதான். மூட்டையை ஓர் இழு இழுத்து விட்டால் கிரீச் கிரீச் என்று மேலும் கீழும் குதிக்கும். நான் கைதட்டுவேன். டத்தோ பாய்ந்து கவ்வி, தொங்கி, ஒரு துண்டு துணியையாவது கிழித்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஒரு மேரி பிஸ்கட். முதலில் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் விடாமல் பழக்கினேன். பிறகு கிரீச் சத்தம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் ஓடிவரும். அப்பா வேலை விட்டு வந்து, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "டத்தோவுக்கு இன்னொரு பிஸ்கட் குடு லா" என்று சிபாரிசும் செய்வார்.

ஏழாம் மாதம் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். பகலில் அவள் தூங்க வேண்டும், வாசலில் சத்தம் போடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மூட்டை குப்பைக்குப் போனது. ஸ்பிரிங் மட்டும் கொக்கியிலேயே தொங்கியது. நான் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டேன். எட்டு வயதில் எதுதான் நெடுநாள் மனதில் நிற்கிறது? டத்தோவும் மறந்திருக்கும் என்றுகூட நான் நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை வீட்டுக்கு வந்த நாளில் அம்மா டத்தோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் டத்தோ தங்கமாக நடந்துகொண்டது. கூடத்துக்குள் கால் வைக்காமல் கிரில் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். குழந்தை அழுதால் பின்பக்கமாக ஓடி, சமையலறை வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிடும். அக்காவின் மாமியாருக்கு நாயென்றால் ஆகாது. ஒவ்வொரு ஞாயிறும் ரயிலில் வந்து, கேட்டிலிருந்து கூடம் வரைக்கும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அவரே மூன்றாவது வாரம், "பரவால்ல, ஒழுக்கமான நாயாத்தான் இருக்கு" என்றார். பரீட்சையில் நானே தேறிவிட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பதாம் நாள் தொட்டில் போடும் சடங்கு. அதுவரைக்கும் குழந்தை மெத்தையில்தான் கிடந்தது. மாமியார் பிரிக்பீல்ட்ஸில் புது ஸ்பிரிங்கும் மஞ்சள் புடவையும் வாங்கி வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். நாயைப் பின்னால் கட்டச் சொன்னாள் அம்மா. அக்காதான், "பாவம்மா, ஒரு மாசமா எவ்வளவு நல்லா இருந்துச்சு, இன்னிக்கு மட்டும் எதுக்குக் கட்டணும்?" என்று தடுத்தாள். சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவருவதற்காகக் கிரில் திறந்தே கிடந்தது.

தொட்டிலில் முதலில் குழவிக்கல்லைக் கிடத்தி ஆட்டினார்கள். கல்லின் கனத்துக்கு ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வாசலில் படுத்திருந்த டத்தோ சட்டென்று காதைத் தூக்கியதை நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கல்லை எடுத்துவிட்டுக் குழந்தையை விட்டார்கள். தொட்டில் குதித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவள் நான்.

அடுத்து நடந்தது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து வந்த டத்தோ மஞ்சள் புடவையைக் கவ்வித் தொங்கியது. துணி டர்ரென்று கிழிய, குழந்தை சரிந்து அக்காவின் கையில் விழுந்தது. அவள் கை மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்! குழந்தையின் பாதத்தில் ஒரு நகக்கீறல், அதில் ரத்தம். கூடமே அலறியது. அத்தனை கூச்சலுக்கு நடுவில் டத்தோ கிழிந்த துணியோடு நேராக என்னிடம் வந்தது. துணியை என் காலடியில் போட்டுவிட்டு, உட்கார்ந்து, என்னை அண்ணாந்து பார்த்தது. தப்பு செய்துவிட்டு அடிக்குப் பயந்து என்னிடம் ஒளிய வந்திருக்கிறது என்று நினைத்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. நான் அதைக் காலால் தள்ளிவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கிளினிக்குக்குப் போய் வந்த பிறகு, டத்தோவை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது. ஆளுக்கொரு யோசனை. பாசாரில் விட்டால் மீன்கடைக்காரன் போடுவதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். நகராட்சி கவுன்சிலுக்குப் போன் போட்டால் வந்து பிடித்துப் போய்விடுவார்கள் என்றார் அக்கா வீட்டுக்காரர். பிடித்துப் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். சங்கிலி போட்டுப் பின்னால் கட்டி வைப்போமே என்றாள் அம்மா. நான்தான் கட்டவேண்டாம் என்றேன், நான்தான், என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் கோபப்படவே இல்லை. "நாய் இருக்கட்டும். நாங்க புள்ளைய தூக்கிட்டுப் போறோம்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்பா ஜன்னல் வழியாக வாசல் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பந்திங்ல கூட்டாளி ஒருத்தன் செம்பனைத் தோட்டம் வச்சிருக்கான். அங்க விட்டுடறேன்" என்றார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "நாய்க்குப் புத்தி மாறிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார். நாற்காலி போட்டு ஏறி, கொக்கியிலிருந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிக் எங்கள் பழைய காரின் பின்பெட்டிக்குள் எறிந்தார். டத்தோ இருந்த அடையாளம்கூட வைக்கப் பிடிக்காமல் துடைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரின் பின் சீட்டில் நானும் டத்தோவும். ஊர்வலம் போகிற ஆள் மாதிரி அது ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வழியெல்லாம் சந்தோஷமாக வந்தது. தோட்டத்துக் குடிசைக்கு முன்னால் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, "டத்தோ, இறங்குங்க" என்றார் அப்பா. அந்த மரியாதை அப்போதும் குறையவில்லை.

திரும்பும் வழியில், அது ஏன் பாய்ந்தது என்று கேட்டேன். புத்தி மாறிவிட்டது என்று மறுபடியும் சொன்னார். "டத்தோவுக்கு ஒண்ணும் புத்தி மாறல. நீங்கதான் பொய் சொல்றீங்க" என்று கத்தினேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அப்பாவைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, கோழித் தலைகளை அவித்துப் பையில் கட்டிக்கொண்டு பந்திங் கிளம்புவார். "வர்றியாம்மா? உன்னத் தேடுது" என்பார். வரமாட்டேன் என்பேன். என் வீம்பு எனக்கு. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு அவர் பையை எடுக்கவில்லை. டத்தோ போய்விட்டார் என்று அம்மாவிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னார். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

போன வருடம் ரவாங்கில் என் வீட்டில் என் மகளுக்குத் தொட்டில் போட்டோம். முதல் நாளே வந்துவிட்ட அப்பா நாற்காலியில் ஏறி ஸ்பிரிங்கை மாட்டிப் புடவையைக் கட்டினார். கனம் பார்க்க நான் ஒரு தலையணையை வைத்து இழுத்து விட்டேன். கிரீச் கிரீச் என்று அது மேலும் கீழும் குதித்தது. நான் நினைக்காமலே என் கை இரண்டும் தட்டின.

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, டத்தோ ஏன் பாய்ஞ்சுதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?"

"எந்த டத்தோம்மா? நாட்டுல ஆயிரம் டத்தோ இருக்காங்க லா" என்றார், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தப் பழைய ஸ்பிரிங்கை ஏன் கழட்டுனீங்க?"

"துருப்பிடிச்சிருந்துச்சு" என்று, ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கினார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கோபத்திலிருந்து அவர் தப்பித்திருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை தலையில் அந்தப் பழியை ஏற்றக்கூடாது என்று பொய்யனாகவே இருந்துவிட்டார். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டேன், சாப்பாடு ஆயிற்றா என்று பேச்சை மாற்றிவிட்டார். டத்தோவிடம் எங்கே போய்க் கேட்பது? அன்று அது என் காலடிக்கு வந்தது பயந்து ஒளிய அல்ல. சொல்லிக் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, பிஸ்கட்டுக்காக உட்கார்ந்திருந்தது.