அண்ணனை எழுப்பிய மத்தியானம்

என் அண்ணன் மெட்ராசிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புக் கம்பளி இருக்கும். குளிருக்காக இல்லை. எங்கள் ஊரில் ஏது குளிர்? புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், பாறை மலைகளின் அடிவாரத்தில் கிடக்கிற ஊர் அது. சித்திரை வெயிலில் வாசலில் கால் வைக்க முடியாது. அந்தக் கம்பளியை உள் அறை ஜன்னலில் இரண்டு ஆணிகளில் மாட்டி, வெளிச்சம் கசிகிற ஓரமெல்லாம் பழைய வேட்டியைச் செருகிவிட்டு, பட்டப்பகலில் அண்ணன் தூங்குவார். அவர் விமான ஓட்டி. இரவில் மெட்ராசிலிருந்து தபால் மூட்டைகளையும் கொஞ்சம் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற விமானத்தில் துணை விமானியாக இருந்தார். ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, ஆனால் எங்கள் பக்கத்துத் தாலூக்காக்கள் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது.

தூங்குவதில் அவரைப் போல ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள், தூங்குவதற்கும் ஒழுங்கு வேண்டும். இரவு வேலைக்கு முந்தின நாள் வேண்டுமென்றே நேரம் கழித்துப் படுத்து, வெயில் ஏறியபிறகு எழுந்திருப்பார். மத்தியானச் சாப்பாடு ரசம் சாதம் மட்டும். நெய் கிடையாது, பருப்பு கிடையாது. பன்னிரண்டு மணிக்கு மேல் காப்பியைக் கையால் தொடமாட்டார். காதில் பஞ்சு, கண் மேல் நாலாக மடித்த கைக்குட்டை. கடிகாரத்தைத் துண்டில் சுற்றித் தலைமாட்டுக்குக் கீழே வைத்துவிடுவார், இல்லாவிட்டால் மணி பார்த்துப் பார்த்தே தூக்கம் போய்விடுமாம். “தூக்கம் வரலன்னாலும் கண்ண மூடிக்கினு படுத்துக் கெடக்கணும் பாப்பா, பாதி களைப்பு அதுலயே போயிடும்” என்பார். இதையெல்லாம்விடப் பெரிய விதி ஒன்று இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும், வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு என்பதையும் அவரேதான் சொன்னார். சொன்னால் பெயர் கெட்டுவிடும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்தக் காலத்துக்கு அது முற்றிய வயது. மூன்று இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போய் மூன்றும் தட்டிப்போயிருந்தது. நாலாவதாகத் திருப்பதியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை உயர்நிலைப் பள்ளி வாத்தியார். தாயில்லாத பிள்ளை, அத்தைதான் தூக்கி வளர்த்தவர், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண்ணின் அண்ணன் ஏரோப்ளேன் ஓட்டுகிறவர் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த அத்தை பஸ் ஏறச் சம்மதித்தார் என்று தரகர் சொன்னார். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. நான் என்னவோ நானே பறந்த மாதிரி தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குறித்த நாளன்று இரவே அண்ணனுக்கு வேலை. சும்மா வேலை இல்லை. மூத்த விமானி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்த்து, கேப்டன் ஆக்கலாமா என்று தீர்மானிக்கிற பயணம். ஆறு வருடமாகக் காத்திருந்தது. நாளை மாற்றச் சொல்லி அண்ணன் கடிதம் எழுதினார். அதைவிட்டால் நல்ல நாள் இரண்டு மாதத்துக்கு இல்லை என்று நைனா பதில் போட்டார். சரி, காலையில் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள், பார்த்து முடித்துவிட்டுப் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை தூங்கிவிடுகிறேன், அப்புறம் நகரி ரைஸ் மில்காரர் கார் இருக்கவே இருக்கிறது, ஒன்பதுக்குள் மீனம்பாக்கம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வந்து சேர்ந்தார்.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒருத்தரையும் காணோம். புத்தூரில் ஊர்வலம். இந்தத் தாலூக்கா ஆந்திராவில் இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், மெட்ராசோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பதி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டரை வரை மடிப்புக் கலையாத வேட்டியில் காத்திருந்த அண்ணன், “இனிமே தாங்காது நைனா, நா படுக்கறேன்” என்று எழுந்தார். அறைக்குள் போகுமுன் என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீதான் காவலு. யாரு வந்தாலும் அஞ்சு மணி வரைக்கும் என்ன எழுப்பக் கூடாது. எங்க, சொல்லு பாக்கலாம்.” நான் சொன்னேன். கையில் அடித்துச் சத்தியமே செய்தேன். வடை சுடுகிற சத்தமும் பாத்திரச் சத்தமுமாக வீடு கலகலத்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தூக்கம் உடனே வரவில்லை. கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக்கு மேல்தான் மூச்சு சீராக வந்தது.

இரண்டே கால் மணிக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். வேர்த்து விறுவிறுத்து, பசியோடு. அத்தை உட்கார்ந்து தண்ணீர் குடித்த கையோடு தெலுங்கில் ஆரம்பித்தார். “பைலட்டுகாரு எக்கட?” எங்கே என்று கண்ணாலேயே வீடு முழுக்கத் தேடினார். நைனா கையைப் பிசைந்துகொண்டு, ராத்திரி வேலை, அதனால் தூங்குகிறான் என்றார். அத்தையின் முகம் மாறியது. “பட்டப்பகல்ல ஆம்பள தூங்கறாரா? அதுவும் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்துக்கீற அன்னிக்கா?” அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார். “இந்த வேலைல கீறவங்க ராத்திரில அது இதுன்னு சாப்புடுவாங்களாம். மெட்ராசுல எல்லாம் கெடைக்குதாம்மே.” மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடிக்கிறவன் என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

காப்பித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். நைனா ஏதாவது சொல்லியிருக்கலாம், அம்மா சொல்லியிருக்கலாம், நானே வாயைத் திறந்து அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலாவது இடமும் போய்விட்டால் என் கதி என்ன என்பதைத் தவிர வேறு எதுவுமே அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அண்ணனைத் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கைக்குட்டை விழுந்து கண்ணைத் திறந்தார். “அஞ்சாச்சா?” என்றார். இல்லை, இரண்டரை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டம். “நீ குடிச்சிட்டுப் படுத்துக்கினு கீறியான்னு கேக்கறாங்கண்ணா. ஒரே ஒரு வாட்டி வந்து நின்னுட்டுப் போ. அந்த வெள்ள யூனிபாரத்தப் போட்டுக்கினு வா” என்றேன். ஆமாம், அந்த அல்பத்தனத்தையும் நான்தான் செய்தேன். அவர் முகம் கழுவி, இரவுக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

ஒரே ஒரு வாட்டியாம்! இரண்டு மணி நேரம் விடவில்லை. மேலே காற்று எப்படி இருக்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள், ஏழுமலையான் கோபுரம் மேலிருந்து தெரியுமா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். “ராத்திரில மலை மேல வெளக்கு தெரியும்மா, அவ்ளோதான்” என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காப்பி வந்தது. வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மடமடவென்று குடித்துவிட்டார். நாலரைக்கு, பெண் பிடித்திருக்கிறது என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். அண்ணன் மறுபடியும் போய்ப் படுத்தார். ஐந்தரைக்கு மில்காரர் கார் வந்து நின்றபோது தானாகவே எழுந்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“நான் மெட்ராசுக்குப் போகல நைனா. நகரிக்குப் போயி மில்லுலருந்து டிரங்கால் போட்டுச் சொல்லிடறேன். இப்பவே சொன்னாத்தான் வேற ஆளு கெடைப்பாங்க” என்றார். நைனா பதறிப்போனார். ஆறு வருஷம் காத்திருந்தது ஆச்சே, ஒரு ராத்திரிதானே, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சமாளிக்கக் கூடாதா என்று கெஞ்சினார். “நான் ஒருத்தன் மட்டும்னா சமாளிச்சிப்பேன் நைனா. பின்னால இருவது பேரு ஒக்காந்துக்கினு வராங்க” என்றார் அண்ணன். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் கேப்டன் ஆகப்போகிறார் என்று திருப்பதிக்காரர்களிடம் மத்தியானம்தான் அளந்து விட்டிருந்தேன். அது பொய்யாகப் போகிறதே என்ற ஆத்திரம். “பரீட்சைக்குப் பயந்துக்கினு தூக்கத்தச் சாக்கு சொல்றியாண்ணா?” என்றேன். டிரைவர் நின்றுகொண்டிருந்தான், பக்கத்து வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் காரில் ஏறினார்.

ஏன் தூங்கவில்லை என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். தங்கை எழுப்பிவிட்டாள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். “தூக்கம் வரவில்லை” என்று மட்டும் சொன்னாராம். சோதனைக்குப் பயந்து ஒதுங்கினார் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாலு வருடம் அவரைக் கூப்பிடவில்லை. அவரிடம் வேலை பழகியவர்கள் இரண்டு பேர் அவருக்கு முன்னால் கேப்டன் ஆனார்கள். அவர்களுக்குப் பக்கத்துச் சீட்டில் துணை விமானியாகவே உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தார். எனக்கு அந்த வருடமே கல்யாணம் ஆகிவிட்டது.

புகுந்த வீட்டில் அத்தை வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். “ஏம்மா, ஒங்கண்ணன் இன்னும் கேப்டன் ஆவலியா?” உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கு நீங்கள் வந்து உட்கார்ந்ததால்தான், நான் போய் எழுப்பியதால்தான் என்று சொல்ல வேண்டும். புது மருமகள் அப்படிப் பேச முடியுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். “அவருக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி அத்த” என்றேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. போகப் போக எனக்கே அதுதான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது. என் மகன் பிறந்து வளர்ந்தபோது, பறக்கப் பயப்படுகிற விமானி மாமா என்பது எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிற வேடிக்கையாக இருந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வெட்கம் கெட்டவள்.

ஒருமுறை அண்ணன் திருப்பதிக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்போது அவர் கேப்டன் ஆகியிருந்தார். அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? “இப்பல்லாம் பயம் தெளிஞ்சிடுச்சா தம்பி? ஒன் தங்கச்சி எல்லாஞ் சொல்லிக்கீறா” என்றார். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இன்னுங் கொஞ்சம் ஊத்து பாப்பா” என்றார் அவர், அவ்வளவுதான். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்கே அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நாளைக்கு, அடுத்த பொங்கலுக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும் என்று தள்ளிப்போட்டே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். அத்தை போனார். அப்புறம் அண்ணனும் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபிறகு, என் மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மாமா பயந்தவர் இல்லை, நான்தான் எழுப்பினேன், நான்தான் பொய் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவனுக்கே அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“நான் ஒரு வாட்டி மாமாவையே கேட்டுட்டேம்மா” என்றான்.

“என்னன்னு கேட்ட?”

“எனக்குப் பத்து வயசு இருக்கும். நம்ம வீட்டு வாசல்ல ஒக்காந்துக்கினு இருந்தாரு. வீட்ல எல்லாரும் சொல்றாங்களே, நெசமாவே ஒனக்கு பயமா மாமா, இல்ல அம்மா பொய் சொல்றாங்களான்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“‘ஒங்கம்மா பொய் சொல்ல மாட்டாடா, எனக்கு ரொம்ப பயம்’னு சொன்னாரும்மா.”