விரிசல் விட்ட தேங்காய்

அம்மா இனி எழுந்து நிற்கவே மாட்டாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஒன்பது வயதில் வீட்டில் எல்லாவற்றையும் நானே முடிவு கட்டினேன்.

பினாங்கின் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் காலையில் பாதம் மரத்துப்போனது. மூன்றே நாளில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டு நரம்புகளைத் தாக்கிவிட்டதாம். குணமாகும், ஆனால் மெல்லத்தான் ஆகும் என்றார் டாக்டர். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, சும்மா இருப்பாளா? தைப்பூசத் தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அக்காவுக்காக வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நூத்தெட்டையும் நீயே ஒடைச்சிக்கோ. ஒண்ணு மட்டும் நான் ஒடைக்கிறேன், என் கையால" என்றாள் அம்மா. அப்போது அவளால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

முதலில் வெங்காயம், பிறகு உருளைக்கிழங்கு, பிறகு அரிசி நிரப்பிய பால் டின் என்று மாதக்கணக்கில் தூக்கிப் பழகினாள். ஊட்டிவிட வந்தவர்களுக்குத் திட்டு விழுந்தது. அவள் கைதவறிக் கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஐஸ் கட்டியை வைத்து, இருக்கிறதா என்று கேட்க வேண்டும். "தெரியலைலா" என்பாள். அது கரைந்து முழங்கை வரை வழியும். அப்போதும் தெரியாது. கையில் பலம் வந்த பிறகும் தொடு உணர்ச்சி மட்டும் வரவில்லை.

தேரோட்டத்தன்று காலையில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பினாங்கில் தேர் வரும் சாலையெல்லாம் தேங்காய் மலைமலையாகக் குவிந்திருக்கும். சீனர்களும் வரிசையாக நின்று உடைப்பார்கள். அத்தனை பேர் முன்னால் அம்மாவின் தேங்காய் மட்டும் உடையாவிட்டால்? கிளம்பும் முன் அதைச் சமையலறைக்குப் பின்னால் கொண்டுபோய், சம்பல் இடிக்கும் கல்லால் குடுமிக்கு அடியில் ஒரு தட்டு தட்டினேன். மெல்லிய விரிசல் விட்டது. விரிசல் விட்ட தேங்காய் சாமிக்கு ஆகாது என்று தெரியும். சாமி கண்டுகொள்ள மாட்டார் என்றும் நானே முடிவு கட்டினேன்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காயை மடியில் இரு கையாலும் அணைத்தபடி, அம்மா தேர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர் முனையில் திரும்பியது. திடீரென்று அவள் முகம் மாறிக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"என்னங்க, இது விரிசல் விட்டிருக்கு. சின்னவ குவியல்ல இருந்து வேற ஒண்ணு எடுங்க" என்றாள் அப்பாவிடம். "என்னைப் பிடிச்சி நிக்க வைங்க."

முதல் வீச்சில் தேங்காய் உடையாமல் உருண்டது. ஒரு சீனத் தாத்தா எடுத்துக் கொடுத்தார். இரண்டாவதும் அப்படியே. தான் உடைக்கிறேன் என்று அப்பா கை நீட்டினார். அம்மா தரவில்லை. அவள் கால் நடுங்கியது. அவமானத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது முறை சத்தம் வேறு மாதிரி கேட்டது. கண் திறந்தால், சாலையில் இரண்டு மூடிகள். சீனத் தாத்தா கைதட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து, விரல் விரலாக வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். அதற்கு நாலு அடி கொடுத்திருக்கலாம் என்று இருந்தது. என் திருட்டுத்தனம்தான் அவளை அழ வைத்தது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் கண்கள் தேரின் மேல் இருந்தன. விரிசல் குடுமிக்கு அடியில் இருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஐஸ் கட்டி தெரியாத அந்த விரல்களுக்குத் தேங்காய்த் தண்ணீர் கசிந்தது தெரிந்திருக்கிறது.